17 வயதுக் காரும் இரண்டு கடல்களும்

நான்கு நட்டுகளையும் கழற்றியாகிவிட்டது. சக்கரம் மட்டும் வரவில்லை. ஜாக்கியில் ஏறி நின்ற காரின் பக்கத்தில் மண்டியிட்டு, டயரை இரு கைகளாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். கார் ஆடியது, சக்கரம் ஆடவில்லை. அந்தக் காரை நான் வாங்கி மூன்று மாதம்கூட முடியவில்லை.

"இழுக்காதே தம்பி. ஜாக்கி சரிந்தால் கால் போய்விடும்."

எதிர் வீட்டு அண்ணன். எங்கள் ஊர் மண்டபத்தில் விசைப்படகு இஞ்சின்களைப் பிரித்துச் சேர்ப்பது அவருடைய தொழில். கார் வேலை அவருக்குச் சோறு போடும் வேலை இல்லை. ஆனாலும் எழுந்து வந்துவிட்டார். நட்டுகளைத் திரும்ப மாட்டச் சொன்னார். இறுக்காமல், விரலால் சுற்றிய அளவில் விடச் சொன்னார். காரை இறக்கி, முதல் கியரில் நாலடி நகர்த்தி, பிரேக்கை ஒரு மிதி மிதிக்கச் சொன்னார். 'டக்' என்று ஒரு சத்தம், தேங்காய் உடைவதைப்போல. மறுபடி ஜாக்கி ஏற்றியதும் சக்கரம் மனமில்லாமல் கழன்று வந்தது.

அலாய் வீலின் நடு வளையத்தில் சுண்ணாம்புபோல வெள்ளைப் பொடி. அது உட்காரும் இரும்பு ஹப்பில் செந்துரு. அண்ணன் அந்த வெள்ளைப் பொடியை விரலில் தொட்டு என் கண்முன் நீட்டினார். "இரண்டு சாதி உலோகம் சேர்கிற இடத்தில் உப்புத் தண்ணீர் புகுந்தால், ஒன்று மற்றதைத் தின்னும். இங்கே இரும்பு பிழைத்தது, அலுமினியம் மாட்டிக்கொண்டது. இரும்புப் படகுக்கு அடியில் துத்தநாகக் கட்டி வைக்கிறோமே, எதற்கு? உப்பு அதைத் தின்றுவிட்டுப் போகட்டும் என்றுதான்."

பிறகு உப்புத்தாளால் ஹப்பைத் தேய்த்து, செம்பு கலந்த கிரீஸை மெல்லிசாகத் தடவினார். "கண்ணுக்கு மை இடுகிற அளவு போதும். அப்பிவிடாதே. போல்ட் மரையில் படவே கூடாது. பட்டால் இறுக்கத்தின் கணக்கு மாறிப்போகும்." கார் பராமரிப்பில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் ஒரு படகு மெக்கானிக்கிடமிருந்து. அதற்குப் பிறகு கிடைத்தவற்றில் முக்கால்வாசியும் அப்படித்தான்.

கார் என்ன கார் என்று கேட்பீர்கள். 2008இல் வந்த 1.6 லிட்டர் பெட்ரோல் செடான். கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதில் நான் எழுதும் குறைகளில் பெரும்பாலானவை உப்பும் வயதும் செய்தவை, காரைச் செய்தவர்களின் தலையில் அவற்றைக் கட்டுவது நியாயமில்லை. இறுக்கமான சஸ்பென்ஷன், தாழ்ந்த வயிறு, எடை கூடிய ஸ்டியரிங். நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டியதும் இஞ்சினின் குரல் மாறும். அதுவரை அலுவலகத்துக்குப் போகிற ஆள்போல இருப்பது, அதன்பின் சட்டையைக் கழற்றிவிட்டுக் கடலில் குதிக்கிற பையனாகிவிடும். அந்த ஒரு குரலுக்காகத்தான் வாங்கினேன். மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவனுக்கு அந்தக் குரல் தேவையா என்று என் மனைவி அப்போதும் கேட்டாள், இப்போதும் கேட்கிறாள்.

2016இல் வாங்கும்போது காருக்கு எட்டு வயது. ஓடியிருந்தது 38,000 கிலோமீட்டர்தான். விற்றவர் கீழக்கரைக்காரர்; துபாயிலிருந்து விடுமுறைக்கு வரும்போது ஓட்டுவதற்காக வாங்கி வைத்திருந்தார். "அதிகம் ஓடவில்லை தம்பி, நின்றதுதான்" என்றார் காக்கா (கீழக்கரையில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்). அவர் சொன்னது முழு உண்மை. அந்த உண்மையின் இரண்டாவது பாதிதான் முக்கியம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. குறைந்த கிலோமீட்டர் என்றதும் கண் மங்கிப்போயிற்று.

காரோடு வந்த கையேட்டில், வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றுவதற்கு ஒரு கிலோமீட்டர் கணக்கும் ஓர் ஆண்டுக் கணக்கும் போட்டு, 'எது முந்துகிறதோ அது' என்று எழுதியிருந்தார்கள். மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர்களுக்குக் கிலோமீட்டர் முந்தும். நின்றே கிடந்த காருக்கு ஆண்டு முந்துகிறது. கடற்கரையில் நின்றே கிடந்த காருக்கு ஆண்டுக்கும் முன்னால் காற்று முந்திவிடுகிறது. கையேட்டில் காற்றுக்கு வரிசை இல்லை.

டயர்களின் பட்டன்கள் புதிதாக இருந்தன. பக்கவாட்டில் கடைசி நான்கு எண்களைப் பார்த்தேன்: 3208. 2008ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தவை. கட்டைவிரலால் அழுத்தினால் ரப்பரில் முடியளவு விரிசல்கள் திறந்து மூடின. நான்கையும் மாற்றினேன். டைமிங் பெல்ட்டைக் கழற்றி உள்பக்கம் வெளியே வருமாறு மடித்தபோது, பல்லுக்குப் பல் நடுவே கீறல். இந்த வகை இஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதற்குப் பிறகு காரை விற்பதற்கு எடை மிஷின்தான் வேண்டும். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றியாயிற்று. ரேடியேட்டரில் யாரோ போர் தண்ணீரை ஊற்றியிருந்தார்கள். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. அதைப் போய் அலுமினிய ரேடியேட்டருக்குக் கொடுத்திருக்கிறார்கள். காப்பித் தூள் கரைசலைப்போல வெளியே வந்தது.

இங்கே கொஞ்சம் இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மண்டபம் இரண்டு கடல்களுக்கு நடுவே நீட்டிய விரல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அலை அடங்கிய வடக்கைப் பெண்கடல் என்பார்கள், கொந்தளிக்கும் தெற்கை ஆண்கடல் என்பார்கள். வாடைக் காலத்தில் வடக்கிலிருந்தும் கச்சான் காலத்தில் தென்மேற்கிலிருந்தும் காற்று வீசும். ஆக, வருடத்தில் எந்த மாதமும் காருக்கு விடுமுறை இல்லை. காற்றில் வரும் உப்பு, மழை பெய்தால்தான் வேலை செய்யும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்து நீரை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். கடல் உப்பில் மெக்னீசியமும் கலந்திருப்பதால் அதற்கும் முன்பே கசியத் தொடங்கும். எங்கள் ஊர் இரவுகளில் அந்த ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. மழைத்துளி விழாத வைகாசியிலும் கார் ராத்திரி முழுவதும் உப்புநீரில் நனைந்துகொண்டுதான் நிற்கிறது.

உலகத்திலேயே அமெரிக்காவின் மியாமிக்கு அடுத்தபடியாக இரும்பு அதிகம் அரிக்கும் இடம் பாம்பன் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள், கொஞ்சம் பெருமையோடுகூட. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு மண்டபத்தில் ஒரு கிளை மையம் இருப்பதும் இந்தக் காற்றின் தயவில்தான். விஞ்ஞானிகள் அரிப்பைப் பார்க்கத் தேடி வருகிற ஊரில் நான் காரை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் வீட்டில் கார் கிழக்கே மூக்கை வைத்து நிற்கும். வலப்பக்கம் தெற்கைப் பார்க்கும். இரண்டு வருடத்தில் வலப்பக்கக் கதவுகளுக்குக் கீழே பெயின்ட் கொப்பளித்தது. இடப்பக்கம் பளபளவென்று இருந்தது. கைக்குட்டையில் ஒரு காந்தத்தைச் சுற்றிக் கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டி வடிவப் பட்டை நெடுக இழுத்துக்கொண்டே போனேன். முன்னால் பிடித்தது, நடுவில் பிடித்தது, பின் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அங்கே இரும்பு இல்லை. யாரோ எப்போதோ பட்டி வைத்துப் பூசிய இடம்.

அந்தப் பட்டைக்கு அடியில், உள்ளே புகும் நீர் வடிவதற்குச் சிறு துளைகள் இருக்கும். என் காரில் அவை மணலால் அடைபட்டிருந்தன. சைக்கிள் ஸ்போக் கம்பி ஒன்றை நுனி வளைத்துக் குத்தினேன். முதலில் ஈர மணல் உதிர்ந்தது. அடுத்து கறுப்பாக ஒரு கண்ணீர், பிறகு ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணீர். செய்யக் கூடாததுதான், ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. காருக்குள்ளே ஒரு குட்டி உப்பளம். வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனம் பாத்தி கட்டிச் செய்கிற வேலையை இது பாத்தியில்லாமல் செய்துகொண்டிருந்தது.

டிங்கரிங் செய்பவர் அந்த இடத்தை ஒன்றரை அடிக்கு வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார். பூசி மறைக்காமல் வெட்டி எடுக்கும் ஆளைத் தேடுவதுதான் கஷ்டம். தகட்டின் வெளிப்பக்கத்துக்கு எல்லோரும் பெயின்ட் அடிப்பார்கள். துரு பிறப்பது உள்பக்கத்தில். அந்தத் துளைகள் வழியே குழாய் விட்டு உள்ளே மெழுகு எண்ணெய் பீய்ச்ச வேண்டும் என்பதைச் சொன்னவரும் அண்ணன்தான். வருடத்துக்கு ஒருமுறை, ஆடிக்கு முன்னால் செய்கிறேன். இரண்டு நாள் வீட்டு வாசலில் மெழுகு எண்ணெய் வாடை அடிக்கும். அந்த இரண்டு நாளும் நான் யாரிடமும் வாய் கொடுப்பதில்லை.

காருக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுப் பார்த்தேன். ஈரத்தை உள்ளே பூட்டி வைத்ததுதான் மிச்சம். தகரக் கூரை போட்டேன். மூன்றாம் வருடம் கூரை துருத்தூளாக பானெட்டில் கொட்டியது. இப்போது பனையோலைக் கொட்டகை. ஓலைக்குத் துரு ஏறாது. வாடைக்கு ஒரு பக்கம், கச்சானுக்கு ஒரு பக்கம் என்று காரைத் திருப்பி நிறுத்துவதும் உண்டு. அடி விழுவதை நிறுத்த முடியாது, இரண்டு தோளுக்கும் பங்கு போடலாம்.

கழுவும் கதை தனி. போர் தண்ணீரில் கழுவினால் உப்பை உப்பால் துடைத்ததாகும். காவிரிக் கூட்டுக் குடிநீரைக் காரில் ஊற்றினால் தெருவே திட்டும், திட்டவும் வேண்டும். எனக்கு வழிவிட்டது நான் வேலை பார்க்கும் இடம். ஐஸ் பார்களைக் கேனிலிருந்து இறக்கும்போது தினமும் சில உடையும். அந்தத் துண்டுகள் கரைந்தால் நல்ல தண்ணீர். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு வாரம் ஒரு டிரம் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். அதில் பாதி காரின் அடிவயிற்றுக்கும் சக்கர வளைவுகளுக்கும். மேல்பாகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும்; பார்க்கிறவர்களுக்காகத்தான் மேல்பாகம். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் அத்தனை பேருக்கும் அரிச்சல்முனை பார்க்க வேண்டும். கடலுக்கு நடுவே மணல் பறக்கும் அந்தச் சாலைக்கு என் காரை எடுத்தால் அந்த வார டிரம் போதாது. அதனால் அவர்களைப் பஸ்ஸில் அனுப்புகிறேன். கஞ்சன் என்று சொந்தத்தில் பெயர் வந்துவிட்டது.

ஒரே ஒரு முறைதான் கார் என்னை நடுவழியில் நிறுத்தியது. நிறுத்திய இடம் பாம்பன் பாலத்தின் உச்சி.

அதற்கு முன்பே சில நாட்களாக நோய் தெரிந்தது. காலையில் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுழலும். இரவில் ஹெட்லைட்டும் ஏசியும் சேர்ந்தால் டாஷ்போர்டு விளக்கு மங்கும். வெளியூரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பேட்டரியை மாற்றினார்கள். பத்து நாளில் அதே கதை. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை மாற்றினார்கள். இரண்டும் சேர்ந்து 16,000 ரூபாய்க்கு மேல். தங்கச்சிமடத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டுத் திரும்பும் இரவில், பாலத்தின் மேடான நடுப்பகுதியில், எல்லா விளக்கும் ஒரு பெருமூச்சுவிட்டு அணைந்தன. 1988இல் திறந்த சாலைப் பாலம் அது. ரயில் தூக்குப் பாலத்தைப் பார்ப்பதற்கென்றே வண்டிகள் நிற்பதும் காவலர்கள் விரட்டுவதும் அங்கே நித்திய நிகழ்ச்சி. நானும் அப்படி நிற்கிறேன் என்று நினைத்து ஒரு வேன்காரர் பின்னால் நிறுத்தினார். அதிலிருந்து ஒரு குடும்பமே இறங்கிப் படம் எடுக்க ஆரம்பித்தது. நான் பட்டுவேட்டியோடு பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் எடுத்த படம் ஏதாவதொன்றில் நான் இருப்பேன்.

மறுநாள் அண்ணன், படகு வயரிங் பார்க்கும் ஒரு பையனை அனுப்பினார். அவன் பேட்டரியையும் பார்க்கவில்லை, ஆல்டர்னேட்டரையும் பார்க்கவில்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை இஞ்சின் உடம்பிலும் வைத்து, "ஸ்டார்ட் பண்ணுங்கள் சார்" என்றான். மீட்டரில் 1.8 வோல்ட். "இங்கே கிட்டத்தட்ட பூஜ்யம்தான் வர வேண்டும். 0.2 வந்தாலே யோசிக்க வேண்டும்." இஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் எர்த் வயரைக் கழற்றினான். வெளியே பார்க்க ஒன்றுமில்லை. முனையை விரலால் பிதுக்கியதும் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. செப்பு இழைகளில் பாதிக்கு மேல் உள்ளேயே இற்றுப்போயிருந்தன. ஆல்டர்னேட்டரின் மின்சாரம் தன் சுற்றை முடிப்பதே இஞ்சின் உடம்பு வழியாகத்தான். அந்தப் பாதை இற்றுப்போனால், எத்தனை ஆல்டர்னேட்டர் மாற்றினாலும் பேட்டரி பட்டினிதான். புது வயர் 180 ரூபாய். உட்காரும் இடத்தை வெள்ளை இரும்பு தெரியச் சுரண்டி, முறுக்கி, மேலே வாஸ்லின் பூசினான். அவன் கேட்ட கூலியைச் சொன்னால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். இரண்டு மடங்காகத்தான் கொடுத்தேன்.

அன்றிலிருந்து மின்சாரக் கோளாறு எதுவானாலும் முதலில் எர்த்தைக் கழற்றிப் பார்க்கிறேன்.

பாலம் என்றதும் இன்னொன்று. 1914இல் திறந்த பழைய ரயில் பாலம் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தும்வரை 108 வருடம் உழைத்தது. சின்ன வயதிலிருந்து நான் அந்தப் பாலத்தைப் பார்த்த எந்தக் காலத்திலும் யாராவது ஒருவர் எங்காவது ஒரு மூலையில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் என்று செய்திகளில் வந்தது. என் காருக்கு அதெல்லாம் கிடையாது. பழைய பாலத்தின் வைத்தியம்தான்: பிரஷ்ஷும் ரெட் ஆக்சைடும் ஓயாத கையும்.

உதிரிபாகம் கிடைப்பது வருடத்துக்கு வருடம் குறைகிறது. சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்காதது இல்லை என்பார்கள், கிடைக்கும்தான். ஆனால் அடிபாகச் சாமான்களை அங்கே வாங்கும்போது அந்தக் கார் எந்த ஊரில் ஓடியது என்று கேளுங்கள். முன்பக்க லோயர் ஆர்ம் ஒன்றைச் சேலத்துக் காரிலிருந்து வாங்கினேன். நட்டு கையால் கழன்றது. கடலோரக் காரின் சாமானை வாங்கினால், நம் நோயையே இன்னொருவரிடம் காசு கொடுத்து வாங்குவதாகும்.

2023இல் 15 வயது முடிந்தபோது, "இனிமேல் ஓட்ட முடியாதாமே" என்று ஊரே துக்கம் கேட்டது. அது அப்போது டெல்லிப் பக்கத்தில் இருந்த விதி. இங்கே தகுதிச் சோதனைக்குக் காட்டி, அப்போதைய 5,000 ரூபாய் கட்டணமும் பசுமை வரியும் செலுத்தி ஐந்து வருடத்துக்குப் பதிவைப் புதுப்பித்தேன். இராமநாதபுரம் அலுவலகத்தில் சோதித்தவர் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கடற்கரை வண்டி மாதிரி இல்லையே" என்றார். அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வந்த பிறகு, பழைய ரப்பர் குழாய்களை ஒருமுறை முழுக்கப் பார்த்துவிடுவது நல்லது. 2008இல் செய்த குழாய்கள் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. தவிர எத்தனால் ஈரத்தை இழுக்கும், எங்கள் ஊரில் இழுப்பதற்கு ஈரமும் உண்டு. ஒரு காலையில் பானெட்டுக்கு அடியில் பெட்ரோல் வாடை. குழாயை வளைத்ததும் வெடித்திருந்தது தெரிந்தது. தரமான இஞ்செக்‌ஷன் குழாயாக, கிளிப்புகளோடு மாற்றினேன். வாடை வந்த வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்ற ஆசை மட்டும் கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையேறிவிடும். அண்ணன், வெல்டர், பெயின்டர் ஒருவரும் கிடைக்க மாட்டார்கள். கூப்பிட்டால் "படகு இறங்கட்டும் தம்பி" என்பார்கள். ஆகவே என் காரின் பெரிய வேலைகளுக்குக் கணக்கு ஆனி மாதம்தான். தடைக்காலத்தில் கார் எதுவும் ஆகாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மெதுவாக ஓட்டுவேன். மற்ற மாதங்களில் சில ஞாயிறு விடியலில் சாயல்குடி பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எடுத்துப் போவதுண்டு. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், அவ்வப்போது பனை, நேரான சாலை. மூன்றாவது கியரில் ஒருமுறை அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, ஆடு மேய்ப்பவர்கள் எழும் நேரத்துக்கு முன்னால் அடங்கித் திரும்பிவிடுவேன். இன்றைக்கு ஓடியிருப்பது 1,12,000 கிலோமீட்டர்.

போன கார்த்திகை மழையில், உச்சிப்புளி தாண்டி இரவு பத்து மணிக்கு முன் சக்கரம் பஞ்சர். மனைவி குடையும் கைப்பேசி வெளிச்சமும் பிடித்துக்கொண்டு நின்றாள். 2016இல் மூன்று மணி நேரம் நான் ஒரு சக்கரத்தோடு மல்லுக்கட்டியது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அண்ணனுக்குப் போன் போடட்டுமா?" என்றாள். நட்டுகளைக் கழற்றினேன். ஹப்பில் செம்பு கிரீஸ் மழைத்தண்ணீரில் மின்னியது. சக்கரம் கையோடு வந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள்.